முதல் அளவு

"அந்த நொய்யத் தின்னுடாதடி. அதுல இன்னும் 'ஈ' எழுதல."

சுவரோரமாக உட்கார்ந்தபடி பவுனம்மாள் அதட்டினாள். அறையின் மறுகோடியில் முறத்துக்கு முன்னால் குந்தியிருந்த அஞ்சலை, வாய்க்குப் போன கையை அப்படியே மடக்கிக்கொண்டாள்.

"பசிக்குதும்மா."

"எனக்குந்தான் பசிக்குது. எழுதி முடி. அப்புறம் ஒல வெக்கிறேன்."

"'இ' எழுதறப்பவே பசிச்சிச்சு."

"'ஈ' எழுதினா இன்னும் பசிக்கும். கழியப் பிடி."

முறத்தில் பரப்பியிருந்தது பழனியப்பன் அரிசிக்கடையில் கூட்டி அள்ளிய நொய். பகலெல்லாம் அது சிலேட்டு. விளக்கு வைத்தால் கஞ்சி. ஆள் உயர மூங்கில் கழி ஒன்றின் நுனி நொய்யைத் தொட்டிருக்கும். நுனிக்குச் சற்று மேலே அஞ்சலை பிடித்துக்கொள்வாள். அடிப்பக்கம் பவுனம்மாளின் கையில். அவள் அங்கிருந்து அசைக்க அசைக்க இங்கே எழுத்து விழும். கோணலாகத்தான் விழும். பிள்ளையை மடியில் வைத்து விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பது ஊர் வழக்கம். பவுனம்மாளுக்கு அது விலக்காகிவிட்டது.

"புள்ளயக் கட்டிக்கிட்டுப் படுக்காத. மூஞ்சிக்கு மூஞ்சி பேசாத. ஒன் கஞ்சி மங்கு வேற, அது மங்கு வேற" என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரேசர் சொல்லியிருந்தார். "சட்டுனு வந்து வார்டுல படுத்துடு. நெஞ்சு ரெண்டும் அரிச்சுப் போச்சு."

"புள்ளய என்னாங்க பண்றது?"

"வார்டுல புள்ளைங்களுக்கு எடமில்ல. ஒறமொற யாரும் இல்லியா?"

"இல்லாம என்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக நின்ற எங்கள் தகரக் கூரை அறைகளில் கடைசி அறை அவளுடையது. வேலு என்ற அவள் புருஷன் தண்டவாளம் பதிக்கிற கூட்டத்தில் இருந்து, அஞ்சலை பால் மறப்பதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து பவுனம்மாள் அரிசிக்கடையில் புடைக்கவும் அளந்து போடவும் போனாள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களெல்லாம் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. இருமல் கண்டதும் முதலாளி பழனியப்பன், "அரிசி மேல இருமுறன்னு வாங்க வர்றவன் சொல்றான் பவுனு. நொய் வேணும்னா வந்து அள்ளிக்க. அளக்க வராத" என்று நிறுத்திவிட்டார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பக்கத்து அறை சீதாலெட்சுமிதான் பள்ளிக்கூடச் சேதியைக் கொண்டுவந்தவள். அவள் புருஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அவள் ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எங்கள் வரிசையில் எழுத்துத் தெரிந்த ஒரே பெண் என்பதால் பேச்சிலும் கொஞ்சம் நிமிர்வு இருக்கும்.

"ஏய் பவுனு, மிஷன் பள்ளிக்கூடத்துல போர்டிங் இருக்குல்ல, அதுல ஒரு எடம் காலியாம். சோறு, துணி, படுக்க எல்லாம் அங்கயே."

"நம்ம புள்ளைய எடுப்பாங்களா?"

"எழுத்து கொஞ்சம் தெரியணும், இருபது வரைக்கும் எண்ணத் தெரியணும். ஏழு வயசுக்கு மேல வெறும் மண்டையா வந்தா வேணாங்கிறாங்க. தைப்பூசம் கழிஞ்ச மக்யா நாளு பாப்பாங்களாம்."

"இது பள்ளிக்கூட வாசலயே பாத்ததில்லியே அக்கா."

"பள்ளிக்கூடத்த வீட்டுக்குள்ள கொண்டாந்துடு. எழுத்து நான் காட்டறேன், மத்தத நீ பாத்துக்க. எனக்கு அடுப்பு வேல கெடக்கு."

அப்படித்தான் அந்த அறை பள்ளிக்கூடமானது.

சீதாலெட்சுமி காலையில் ஓர் எழுத்தைக் கரித்துண்டால் கதவில் எழுதிவிட்டுப் போவாள். அதைப் பவுனம்மாள் முதலில் தான் படிக்க வேண்டும். செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த குழியிலிருந்து அஞ்சலை களிமண் அள்ளிவருவாள். அதை முறுக்குப் பிழிந்தது மாதிரி நீளமாக உருட்டி, கதவைப் பார்த்துப் பார்த்துச் சுழித்து எழுத்தாக வளைப்பார்கள். தாய் ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில்.

"'அ'வுக்கு வயிறு எந்தப் பக்கம்டி?"

"சோத்தாங்கைப் பக்கம் முதுகும்மா. கோடு மாதிரி நிக்குதுல்ல."

"வயிறக் கேட்டா முதுகச் சொல்ற. காட்டு. ஆமா, நீதான் சரி. என்னுது ஆனக்குட்டி மாதிரி இருக்கு."

"அம்மா, ஒன்னோட 'ஆ' சிரிக்குது."

"சிரிக்கட்டும். நாம அழாம இருந்தா சரி."

செய்த எழுத்துகளைச் சாம்பலில் புதைத்துச் சுட்டெடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி எந்த எழுத்தென்று அஞ்சலை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு கூட. கஞ்சி குடிக்கும்போது, "இன்னிக்கு 'ஊ'வத் தின்னாச்சு" என்று வயிற்றைத் தட்டிக்கொள்வாள். பவுனம்மாள் தன் மங்கை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்து குடிப்பாள்.

எண்ணுகிறதுக்குக் கித்தாக் கொட்டை. ரப்பர் மரத்துக் காய் வெடித்துச் சிதறுகிற அந்தப் புள்ளிபோட்ட கொட்டைகள் ஒரு டின் நிறைய இருந்தன. அதுவும் அலுத்தால் தண்டவாளம். மழை பிடித்துக்கொண்ட மத்தியானங்களில், தகரக் கூரையின் இரைச்சலுக்கு மேலே பவுனம்மாள் கத்துவாள்:

"கூட்ஸ் வண்டி வருது, எண்ணு!"

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

"நல்லாக் கத்தி எண்ணு!"

"பதினொண்ணு, பன்னெண்டு... அம்மா, கடைசிப் பொட்டி ஆடிக்கிட்டே போவுது!"

"ஆடுறதயும் சேத்து எண்ணு."

முதல் எண்ணை அவள் லாபம் என்றுதான் சொல்வாள். எங்கள் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அரிசி அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று வாயால் சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அஞ்சலை மூட்டை இடுக்கில் தவழ்ந்து வளர்ந்தவள். ஒருமுறை பவுனம்மாள் முதல் படியைக் கவிழ்க்கும்போது, புதிதாகப் பேச்சு வந்த குஷியில் "ஒண்ணு!" என்று கத்திவிட்டாள். பழனியப்பன் அளந்ததை மூட்டையில் திருப்பிக் கொட்டச் சொன்னார். வாங்க வந்தவன் முணுமுணுத்தான். பவுனம்மாள் பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஒண்ணுன்னு சொன்னா அது ஒத்தையாவே நின்னுபோயிரும்டி. பின்னால எதுவும் வராது. லாபம்னு சொன்னாத்தான் ரெண்டும் மூணும் தொணைக்கு வரும். இனிமே சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

பிறகு அவள் சொன்னதே இல்லை. பதினொண்ணு, இருபத்தொண்ணு எல்லாம் வாயில் வரும். துணையோடு வருகிற ஒன்று கெடுதல் செய்யாது என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

பூசத்துக்கு முந்தின வாரம் ரெங்கசாமி வந்தார். வேலுவுக்கு அண்ணன். கிள்ளானுக்கு அந்தப் பக்கம், காப்பார் ரோட்டில் ஒரு தோட்டத்தில் இருந்தார். ரயிலுக்குக் காசு மிச்சம் பிடிக்க லோரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் தாளில் சுற்றிய கருவாடு.

"பசியாறியாச்சா மாமா?"

"ஆச்சு, ஆச்சு. நீ எழுந்திரிக்காத. டிரேசர் என்னா சொல்றாரு?"

"வந்து படுன்னு சொல்றாரு."

"அப்பறம் எதுக்கு இங்க குந்திக்கிட்டு இருக்க? புள்ளைய என்கிட்டக் குடு. எங்களக் கப்பலேத்தறாங்க. எங்க பேரோட சேத்து இது பேரயும் குடுத்துடறேன்."

"ஊர்ல போயி?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"ஊர்ல போயி என்னா மாமா பண்ணுவீங்க?"

"என்னாத்தப் பண்றது. நெலமா இருக்கு? எல்லாம் யாரு வீட்லயாச்சும் நின்னுதான் பொழைக்கணும். இதயும் ஒரு வீட்ல விட்டா ஆடு பாத்துக்கிட்டுச் சோறு திங்கும்."

"என்னயும் இந்த வயசுல அப்படித்தான் மாமா விட்டாங்க. சோறுன்னுதான் சொன்னாங்க." பவுனம்மாள் முந்தானையை வாயில் அழுத்தி இருமி முடித்தாள். "மீந்துபோனத நாயிக்கு வெச்சிட்டு, நாயி விட்டத எனக்கு வெச்சாங்க."

"நான் பொய் சொல்லலம்மா. எனக்கு அஞ்சு இருந்திச்சு, தோட்டத்துக் காய்ச்சல்ல ரெண்டப் பொதைச்சேன். உள்ளதுக்கே கஞ்சி காணல. ஆனா தம்பி புள்ளயத் தெருவுல, சடக்குல விட்டுட்டுக் கப்பலேற முடியுமா?"

"போர்டிங்ல எடம் கெடைச்சா?"

"கெடைச்சா நான் ஏன் கேக்கப் போறேன்? பூசம் முடிஞ்சு வரேன். கெடைக்கலேன்னா புள்ள என்னோட. அழக் கூடாது, சொல்லிட்டேன்."

மூலையிலிருந்து அஞ்சலை கேட்டாள், "பெரியப்பா, கப்பல்ல எத்தன சக்கரம்?"

"கப்பலுக்குச் சக்கரம் ஏது கழுத!"

"அப்ப நான் எத எண்ணறது?"

அவர் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்று தொட்டுப் பவுனம்மாளுக்கு வெறி பிடித்தது. எழுந்தால் எழுத்து, உட்கார்ந்தால் எழுத்து. பிள்ளை மிரண்டுபோய், தெரிந்ததையும் மறந்தாள். 'ஐ'யும் 'ஜ'வும் குழம்பின. பதிமூணுக்குப் பிறகு பதினஞ்சு வந்தது.

"பதிமூணுக்கு அப்புறம்?"

"பதினஞ்சு."

"பாத்துச் சொல்லு."

"பதினஞ்சும்மா."

கழி விழுந்தது. தோளில் ஒன்று, தொடையில் ஒன்று. அஞ்சலை துள்ளிக் கதவுப் பக்கம் ஓடினாள். அடிக்க அந்தக் கழி எட்டியது. அணைத்துக்கொள்ள எட்டுகிறது எதுவும் அந்த அறையில் இல்லை. பவுனம்மாள் சுவரில் தலையை மோதிக்கொண்டு இருமினாள்.

சத்தம் கேட்டுச் சீதாலெட்சுமி ஓடிவந்தாள். "புள்ளயக் கொன்னுட்டா எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்ப?"

"நான் செத்துப் போறதுக்குள்ள இதுக்குப் பதினாலு வரணும் அக்கா. வர மாட்டேங்குதே."

"சனியனே, வாயில நல்ல வார்த்த வராதா? எந்திரி, மொகத்தக் கழுவு."

"அக்கா, அதக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்குங்க. என் பேரச் சொல்லித் தூக்கிக்குங்க."

சீதாலெட்சுமி அஞ்சலையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பெரிய பிள்ளை, கால் தரையில் இழுபட்டது. விசும்பிக்கொண்டே அவள் தோளுக்கு மேலாகத் தாயைப் பார்த்து, "பதினாலும்மா" என்றது.

பூசம் முடிந்தது. பத்துமலைக்குப் போன கூட்டம் திருநீறும் கரும்புமாகத் திரும்பிய மறுநாள் காலை, சீதாலெட்சுமி அஞ்சலைக்கு எண்ணெய் வழிய வாரிப் பின்னி, தன் மகளின் பாவாடையைக் கட்டிவிட்டு அழைத்துப் போனாள். சுட்ட எழுத்துகள் துணி முடிச்சில். பவுனம்மாள் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தாள்.

"நீ கேட்டு வாசல்லயே நில்லு. ஒன்னப் பாத்தாங்கன்னா போச்சு" என்றாள் சீதாலெட்சுமி.

உள்ளே நடந்ததைச் சீதாலெட்சுமி பின்னாளில் குரல் மாற்றி மாற்றி எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறாள். வெள்ளைக்கார மேடம் நாற்காலியில். பக்கத்தில் மிஸ்ஸி மார்க்கிரட். யாழ்ப்பாணத்து அம்மா, வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி.

"வாரும் பிள்ளை. இதில இரும். உம்மட பேரென்ன?"

"அஞ்சலை."

"எழுத்துத் தெரியுமோ?"

அஞ்சலை முடிச்சை அவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிச் சொன்னாள். மேடம் குனிந்து பார்த்து ஏதோ கேட்டாள்.

"இதுகளை ஆர் செய்தது எண்டு கேக்கிறா."

"எங்கம்மாவும் நானும். சாம்பல்ல வேக வெச்சோம். 'ஓ' மட்டும் வெடிச்சிருச்சு."

மேடம் சிரித்தாள். சீதாலெட்சுமிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மிஸ்ஸி கம்பியில் கோத்த மணிச்சட்டத்தை எடுத்து வைத்து ஒரு மணியைத் தள்ளினாள்.

"இது எத்தினை?"

"லாபம்."

"என்ன?"

"லாபம் மிஸ்ஸி."

ஜன்னலோரம் நின்ற பெரிய பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மிஸ்ஸிக்கும் சிரிப்பு முட்டியது. "லாப நட்டம் பிறகு பாப்பம். இப்ப எண்ணும்."

அஞ்சலை இருபதுவரை தடங்கலில்லாமல் எண்ணினாள், பதினாலு உள்பட. முதலில் மட்டும் மறுபடி லாபம்.

சீதாலெட்சுமி கையைக் கூப்பினாள். "மிஸ்ஸி, இது அரிசிக்கடைப் புள்ளைங்க. அளக்கறவங்க மொத அளவ அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஓ, விளங்குது, விளங்குது. எங்கட ஊர்க் கடைகளிலயும் கேட்ட ஞாபகம்." மிஸ்ஸி குரல் நயந்தது. "ஆனா இஞ்ச ஆரும் அரிசி அளக்கேல்லத்தானே? ஒண்டு எண்டு சொல்லும் பிள்ளை."

அஞ்சலை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லும்."

தலை மட்டும் ஆடியது, மாட்டேன் என்று.

"வாயில வராதோ, சொல்ல விருப்பமில்லையோ?" மேடம் ஏதோ சொன்னாள். மிஸ்ஸி சீதாலெட்சுமியைப் பார்த்தாள். "நல்ல கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனா சொல்லு எண்டாச் சொல்லாத பிள்ளையை வகுப்பில வைச்சு நான் என்ன செய்யிறது? மேடம் பிடிவாதக்காரரை எடுக்க மாட்டா. வெளியில இன்னும் நாலு பிள்ளையள் நிக்கினம்."

"அடியே, சொல்லித் தொலடி! ஒண்ணு! அவ்வளவுதான்!"

"மாட்டேன் அத்த. அதச் சொன்னா நான் ஒத்தையாப் போயிருவேன். எனக்கு எங்கம்மா வேணும்."

பவுனம்மாள் கேட்டில் நிற்கவில்லை. எப்போதோ ஜன்னல் கம்பிவரை வந்துவிட்டிருந்தாள்.

"சொல்லு சாமி."

எல்லாரும் திரும்பினார்கள். பேசியதால் கிராம்பு நகர்ந்து, அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் சேர்ந்து வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். மேடம் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"சொல்லுடி, நாந்தான் சொல்றேன்."

"சொன்னா அடிப்ப."

"அடிக்க மாட்டேன்."

"சொன்னா நீ போயிருவ."

"நான் எங்க போறேன்? இங்கதான் நிக்கிறேன் பாரு. கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன் பாரு. எங்கயும் போக மாட்டேன்."

அஞ்சலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "ஒண்ணு" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். தாய் ஜன்னலில் இருந்தாள்.

"பாத்தியா? இருக்கேன்ல?"

பிள்ளை முகம் விரிந்தது. மணியைத் தள்ளித் தள்ளி மூச்சுவிடாமல் எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மேடமும் மிஸ்ஸியும் வெகுநேரம் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு ஒரு பெரிய பெண் அஞ்சலையின் கையைப் பிடித்து, படுக்கிற இடத்தைக் காட்ட உள்ளே கூட்டிப் போனாள்.

மிஸ்ஸி வராந்தாவுக்கு வந்தாள். கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"எவ்வளவு காலமா இருமல்?"

"நேத்து மழையில நனைஞ்சதுங்க."

"பொய் சொல்லாதையும் அம்மா. சீலையில ரத்தம் கிடக்கு."

பவுனம்மாள் முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் ஒளித்தாள். "புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. நான் தொடறதில்ல. கழியாலதான் எழுத வெச்சேன். வேணும்னா இந்தக்காவக் கேளுங்க."

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பிள்ளையை எடுக்கிறம். டொக்டரிட்டக் காட்டிப்போட்டுத்தான் மற்றவையோட விடுவம். ஆனா நீர் இனி இஞ்ச வரப்படாது. வேலிக்கும் வரப்படாது. விளங்கிச்சோ?"

"விளங்குதுங்க."

"அந்த மண் எழுத்துகளும் வேண்டாம். வீட்டுச் சாமான் ஒண்டும் உள்ள போகப்படாது."

"சரிங்க."

"பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டுப் போறீரோ? ஜன்னலால கூப்பிட்டு விடுறன்."

"வேணாங்க. இப்பத்தான் எங்கயும் போக மாட்டேன்னு சொன்னேன்."

சடக்கில் இறங்கியதும் அவளால் நடக்க முடியவில்லை. சீதாலெட்சுமி கையைக் கொடுத்தாள். பவுனம்மாள் வேண்டாமென்று வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

வீட்டு வாசலில் ரெங்கசாமி குந்தியிருந்தார். பிள்ளையைக் காணாமல் எழுந்தார்.

"கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு மாமா."

"நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அறைக்குள் நொய் பரப்பிய முறம் அப்படியே கிடந்தது. காலையில் கிளம்புமுன் எழுதிய 'ஔ' அதில் கலையாமல் இருந்தது. சீதாலெட்சுமி உலை வைக்கிறேன் என்று முறத்தைத் தூக்கப் போனாள்.

"அதக் கலைக்காதக்கா."

"கஞ்சி குடிக்காம ஆஸ்பத்திரிக்கு எப்படி நடப்ப?"

"மாமா ரிக்ஷா பாப்பாரு."

ஆஸ்பத்திரியில் அதே டிரேசர்தான் இருந்தார். கட்டிலைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, பேர், ஊர், புருஷன் பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூச்சு வாங்கியதால் ரெங்கசாமிதான் பதில் சொன்னார்.

"எத்தன புள்ளைங்க?"

"ஒண்—"

பவுனம்மாளின் கை எழுந்து ரெங்கசாமியின் கையைப் பிடித்தது. மாதக்கணக்கில் யாரையும் தொடாத கை.

"லாபம்" என்றாள்.

டிரேசர் நிமிர்ந்தார். "என்னாம்மா சொன்ன?"

"லாபங்க."

அவர் ரெங்கசாமியைப் பார்த்தார். ரெங்கசாமி கையை விடுவித்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டு, "அப்படியே வெச்சுக்குங்க அய்யா" என்றார்.